பத்து நானோமீட்டரில் ஒரு தீர்ப்பு

மண்ணீரலுக்குள், சிவப்புக் கூழ் என்று உடற்கூறியலார் சொல்லும் பகுதியில், இரத்தம் குழாயை விட்டு இறங்கி நார் இடுக்குகள் வழியே கசிந்து போகிறது. இடுக்குகளின் இருபுறமும் மேக்ரோஃபேஜ்கள் என்னும் விழுங்கு செல்கள் அடர்ந்திருக்கின்றன. அவற்றை உரசாமல் எந்தச் சிவப்பணுவும் அந்த வழியைக் கடக்க முடியாது. மனிதச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அந்தக் கணக்கில் பார்த்தால் விநாடிக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட முதிய சிவப்பணுக்கள் மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் விழுங்கப்படுகின்றன. கூடவே நகரும் இளம் அணுக்களோ தொட்டு உரசிவிட்டுச் சேதமின்றி நழுவிப் போகின்றன. மேக்ரோஃபேஜின் சவ்வில் பதிந்திருக்கும் ஏற்பிப் புரதங்கள் எதிரே இருக்கும் செல்லின் சவ்வில் எதையெல்லாம் தொடுகின்றனவோ, அதை மட்டுமே வைத்துச் சில நிமிடங்களுக்குள் அது முடிவெடுத்தாக வேண்டும்.

இதற்கு நீண்ட காலமாக ஓர் எளிய விளக்கம் சொல்லப்பட்டு வந்தது. செல்லின் மேல் ‘என்னைத் தின்’ என்ற குறி இருந்தால் விழுங்கும். ‘என்னைத் தின்னாதே’ என்ற குறி இருந்தால் விட்டுவிடும். இரண்டும் இருந்தால் வலுத்தது வெல்லும். இந்த விளக்கம் தவறில்லை. ஆனால் போதாது. எந்தெந்த ஏற்பிகள் இருக்கின்றன என்று பட்டியல் போட்டால் மட்டும் ஒரு செல் விழுங்கப்படுமா என்று சொல்லிவிட முடியாது. அந்த ஏற்பிகள் சவ்வில் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கி நிற்கின்றன, தொடுமிடத்தை விட்டு யார் வெளியே தள்ளப்பட்டார்கள், யார் உள்ளே தங்கினார்கள் என்பதும் தெரிய வேண்டும். கடந்த பதினைந்து ஆண்டு ஆய்வுகள் இதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. புற்றுநோய்க்கு மருந்து தேடுபவர்களும் இதே பாடத்தைக் கடினமான வழியில் கற்றிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

விழுங்கும் செல்களை நோய் எதிர்ப்பின் மையத்துக்குக் கொண்டுவந்தவர் எலி மெக்னிகாஃப். 1882இல் சிசிலியின் மெஸ்ஸினா நகரில், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் இளவுயிரிக்குள் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். முள்ளைச் சுற்றி நடமாடும் செல்கள் கூடியதைக் கண்டார். அதிலிருந்து வளர்ந்த கொள்கைக்காக 1908இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இடையில் 1903இல் ஆல்ம்ரோத் ரைட்டும் ஸ்டூவர்ட் டக்ளஸும் லண்டனில் ஒன்றைக் கவனித்தார்கள். இரத்த ஊநீரில் (சீரத்தில்) ஊறிய பாக்டீரியாவை வெள்ளணுக்கள் ஆவலாக விழுங்கின. ஊறாததைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஊநீரில் இருந்த ஆன்டிபாடிகளும் காம்ப்ளிமென்ட் புரதங்களும் பாக்டீரியாவின் மேல் படிந்து அதை விழுங்கத் தக்கதாக்குகின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆன்டிபாடியின் ஒரு முனை எதிரியைப் பற்ற, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மறுமுனையை மேக்ரோஃபேஜின் எஃப்சி ஏற்பி பிடித்துக்கொள்கிறது.

ஒரே ஓரிடத்தில் பிடி கிடைத்தால் போதுமா? 1970களின் நடுவில் கிரிஃபினும் சில்வர்ஸ்டைனும் இந்தக் கேள்விக்கு விடை தேடிச் செய்த சோதனை இன்றும் வியக்கவைக்கிறது. அவர்கள் எலியின் லிம்போசைட்டுகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு தொகுதியில் ஆன்டிபாடி செல்லைச் சுற்றிலும் சீராகப் பரவியிருந்தது. மற்றொன்றில் அது முழுவதும் செல்லின் ஒரு முனையில் தொப்பிபோல் ஒதுங்கித் திரண்டிருந்தது. சுற்றிலும் பூசப்பட்டவற்றை மேக்ரோஃபேஜ்கள் விழுங்கின. தொப்பியிட்டவற்றை அந்த முனையில் பிடித்துக்கொண்டன, ஆனால் விழுங்கவில்லை. ஜிப் இழுக்கும்போது பல் ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே போவதுபோல, ஏற்பியும் ஆன்டிபாடியும் அடுத்தடுத்து இணைந்துகொண்டே போனால்தான் சவ்வு முன்னேறி இரையைச் சுற்றி மூடும். பற்கள் நின்ற இடத்தில் சவ்வும் நின்றுவிடும். அந்த முடிவுக்கு ஜிப் மாதிரி என்ற பெயரே நிலைத்துவிட்டது. விழுங்குதல் என்பது ஒருமுறை அழுத்தினால் முழுதும் ஓடி முடியும் வேலை இல்லை என்பதும், ஒவ்வொரு அங்குலத்திலும் புதிதாக அனுமதி கேட்கப்படுகிறது என்பதும் அன்றே தெரிந்துவிட்டன.

அந்த அனுமதி செல்லுக்குள் பாஸ்பேட்டாக எழுதப்படுகிறது. எஃப்சி ஏற்பி தூண்டப்படும்போது, செல்லின் உட்புறம் தொங்கும் வால்பகுதியில் டைரோசின் அமினோ அமிலங்கள் இரண்டு இரண்டாக அமைந்த ஒரு துணுக்கு வேலைக்கு வருகிறது. சில ஏற்பிகளில் இந்த வால் அவற்றுக்கே உரியது. மற்றவற்றில் துணைப்புரதம் ஒன்று அதைக் கொண்டுவருகிறது. ஐட்டாம் என்பது அதன் பெயர். எஸ்ஆர்சி குடும்ப நொதிகள் அந்த டைரோசின்களில் பாஸ்பேட்டைப் பொருத்தியதும், சிக் என்னும் மற்றொரு நொதி இரண்டு பாஸ்பேட்டையும் ஒருசேரப் பற்றிக்கொண்டு விழித்துக்கொள்கிறது. அதன் பிறகு வேலை வேகமாக நடக்கிறது. ஆக்டின் இழைகள் வளர்ந்து சவ்வை முன்தள்ளுகின்றன, இரை ஒரு பைக்குள் அடைபடுகிறது, அந்தப் பை லைசோசோம்களுடன் கலந்து இரையைக் கரைக்கிறது.

சிக்கல் இங்கேதான். பாஸ்பேட்டைப் பொருத்தும் நொதிகள் ஓய்விலிருக்கும் செல்லிலும் சும்மா இருப்பதில்லை. அவ்வப்போது ஏதோ ஒரு வாலில் பாஸ்பேட் ஏறிக்கொண்டேதான் இருக்கும். உடனுக்குடன் அதைக் கழற்றிப்போடும் நொதிகளும் அதே சவ்வில் ஏராளம். அவற்றுள் முதன்மையானது சிடி45. அப்படியானால் இரையைத் தொட்டதும் ஏற்றுபவன் கை ஓங்குவது எதனால்? ஆன்டிபாடி வந்து ஒட்டியதால் ஏற்பியின் வாலுக்குத் தனியாக ஒரு கட்டளை போய்ச்சேர்வதில்லையே.

இதற்கு அழகான விடை பூஞ்சையிலிருந்து வந்தது. ஈஸ்ட், கேண்டிடா போன்ற பூஞ்சைகளின் செல்சுவரில் பீட்டா-குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. மேக்ரோஃபேஜில் அதைப் பிடிக்கும் ஏற்பி டெக்டின்-1. நீரில் கரைந்த பீட்டா-குளுக்கானும் இந்த ஏற்பியில் ஒட்டத்தான் செய்கிறது, ஆனால் செல் அசைவதில்லை. அதே சர்க்கரை ஒரு துகளின் மேற்பரப்பில் இருந்தால் உடனே தூண்டப்படுகிறது. லாஸ் ஏஞ்சலிஸில் டேவிட் அண்டர்ஹில் குழுவினர் 2011இல் காரணத்தைக் காட்டினார்கள். துகளின் பரப்பும் மேக்ரோஃபேஜின் சவ்வும் நெருங்கி ஒட்டும்போது, அந்த இடத்திலிருந்து சிடி45-உம் அதைப் போன்ற சிடி148-உம் வெளியே ஒதுங்கிவிடுகின்றன. கழற்றுபவர்கள் அகன்ற சிறு வட்டத்துக்குள் ஏறிய பாஸ்பேட் நிலைக்கிறது. கரைந்த சர்க்கரையால் யாரையும் ஒதுக்க முடியாது. எங்கோ தொலைவில் சிதைந்த பூஞ்சையின் துணுக்கு மிதந்து வருவதற்கும், பூஞ்சையே வந்து மேலே ஒட்டிக்கொண்டிருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மேக்ரோஃபேஜ் இப்படித்தான் அறிகிறது. ஒரே வேதிப்பொருள், ஒரே ஏற்பி; இரண்டு நிலைமைகளைப் பிரித்துக் காட்டுவது இடநெருக்கம் மட்டுமே.

சிடி45 ஏன் ஒதுங்குகிறது? அது உயரமானது. சவ்விலிருந்து வெளியே நீளும் அதன் பகுதி இருபது நானோமீட்டருக்கும் மேலானது. ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் 100 கோடியில் ஒரு பங்கு. எஃப்சி ஏற்பியும் ஆன்டிபாடியும் சேர்ந்து இரு சவ்வுகளையும் அதைவிடக் குறுகிய இடைவெளிக்கு இழுத்துவிடும்போது, அந்த இடுக்கில் சிடி45 நிற்க இடமில்லை. பெர்க்லியில் டேனியல் ஃப்ளெட்சர் ஆய்வகம் 2018இல் இதை அளந்தே பார்த்துவிட்டது. இலக்குப் பரப்பில் வெவ்வேறு உயரமுள்ள புரதங்களை நட்டு, அவற்றின் உச்சியில் ஆன்டிபாடி ஒட்டும்படி செய்தார்கள். ஆன்டிபாடி ஒட்டும் இடம் பரப்பிலிருந்து சுமார் 10 நானோமீட்டருக்கு மேல் உயர்ந்ததும் விழுங்குதல் சரிந்துவிட்டது. ஏற்பியும் ஆன்டிபாடியும் மாறவேயில்லை. சவ்வுகளுக்கு இடையிலான இடைவெளி கூடியது, சிடி45 உள்ளேயே நின்றுவிட்டது, அவ்வளவுதான். ஒரு மருந்து ஆன்டிபாடி புற்றுசெல்லில் எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்று மட்டும் கேட்பவர்கள், அந்தப் புரதத்தை எந்த உயரத்தில் பிடிக்கிறது என்றும் கேட்க வேண்டியதாயிற்று. பி-செல் லிம்ஃபோமாவுக்கு 1997 முதல் வழங்கப்படும் ரிடக்சிமாப் என்னும் ஆன்டிபாடி பிடிப்பது சிடி20 என்ற புரதத்தை. அதன் வெளிப்புறத் துண்டு மிகச் சிறியது, சவ்வை ஒட்டியே கிடப்பது. பெர்க்லி முடிவோடு இது நன்றாகப் பொருந்திப்போகிறது.

இனி தடுக்கும் பக்கம். சிடி47 என்னும் புரதம் நம் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருக்கிறது. சவ்வை ஐந்து முறை ஊடுருவி, வெளியே ஒரே ஒரு சிறு தலையை நீட்டிக்கொண்டிருக்கும். முதலில் இதை இன்டெக்ரின் புரதங்களின் துணை என்றுதான் கருதினார்கள். 2000இல் பெர்-அர்னே ஓல்டன்போர்க், ஃப்ரெடெரிக் லிண்ட்பெர்க் முதலானோர் சயின்ஸ் இதழில் வெளியிட்ட சோதனை பார்வையை மாற்றியது. சிடி47 மரபணு நீக்கப்பட்ட எலியின் சிவப்பணுக்களை இயல்பான எலிக்கு ஏற்றினார்கள். வாரக்கணக்கில் வாழவேண்டிய அந்த அணுக்கள் ஒரு நாளுக்குள் இரத்தத்திலிருந்து மறைந்துவிட்டன. மண்ணீரல் மேக்ரோஃபேஜ்கள் விழுங்கியிருந்தன. அணுவில் வேறெந்தக் குறையும் இல்லை. இல்லாதது சிடி47 மட்டும்.

இந்தச் சோதனையில் பலரும் கடந்து போய்விடும் ஒரு செய்தி இருக்கிறது. அணுக்களைக் கொடுத்த எலி, சிடி47 அறவே இல்லாமல் பிறந்து வளர்ந்தது, சோகையில்லாமல் நலமாகவே இருந்தது. அதன் மேக்ரோஃபேஜ்கள் தங்கள் சொந்தச் சிவப்பணுக்களை விழுங்கித் தீர்க்கவில்லை. தடை இல்லாத சூழலிலேயே வளர்ந்த மேக்ரோஃபேஜ், தடை இல்லாததையே இயல்பாக எடுத்துக்கொள்கிறது. ஆக, குறி இருக்கிறதா இல்லையா என்பதோடு, பார்க்கும் செல் எதைப் பார்த்துப் பழகியது என்பதும் கணக்கில் வருகிறது.

சிடி47-ஐ மேக்ரோஃபேஜில் பிடிப்பது சிர்ப்-ஆல்ஃபா. அதன் வாலில் ஐட்டாமுக்கு எதிரான வேலை செய்யும் ஐட்டிம் துணுக்குகள் உண்டு. அவற்றில் பாஸ்பேட் ஏறும்போது எஸ்ஹெச்பி-1, எஸ்ஹெச்பி-2 என்னும் பாஸ்பேட் கழற்றும் நொதிகள் வந்து ஒட்டுகின்றன. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் டிஷர் குழு 2008இல் அதன் விளைவு ஒன்றைக் கண்டது: இரையை உள்ளிழுக்கும் மயோசின்-II என்ற இயக்கப்புரதம் தொடுமிடத்தில் செயலிழந்து போகிறது.

ஆனால் சிர்ப்-ஆல்ஃபா சவ்வில் எப்போதும் இருக்கிறதே. சிடி47 வந்து தொடுவதால் அதில் என்னதான் மாறுகிறது? மேகன் மோரிசியும் ரொனால்ட் வேலும் சகாக்களும் 2020இல் இம்யூனிட்டி இதழில் தந்த விடை எனக்கு இந்தத் துறையின் மிக நேர்த்தியான பங்களிப்புகளில் ஒன்றாகப் படுகிறது. ஆன்டிபாடி பூசிய இலக்கை மேக்ரோஃபேஜ் தொடும்போது, துணையில்லாத சிர்ப்-ஆல்ஃபா சிடி45-ஐப் போலவே தொடுமிடத்தை விட்டு வெளியே ஒதுங்கிவிடுகிறது. எதிர்ப்புறம் சிடி47 இருந்தால் அது சிர்ப்-ஆல்ஃபாவைப் பிடித்து உள்ளேயே நிறுத்தி வைக்கிறது. அதன் முக்கிய வேலையே இந்த நிறுத்தி வைத்தல்தான். சிடி47 இல்லாமலேயே, வேறு வழியில் சிர்ப்-ஆல்ஃபாவைத் தொடுமிடத்துக்குள் வலுக்கட்டாயமாகக் கொண்டுபோனபோதும் விழுங்குதல் அடங்கியது. அங்கே அது முதன்மையாக முடக்குவது இன்டெக்ரின்களை. அவைதாம் சவ்வை இரையின் மேல் விரித்து ஒட்டவைப்பவை. இன்டெக்ரின்களைச் செயற்கையாக முடுக்கிவிட்டால் சிடி47 இருந்தும் மேக்ரோஃபேஜ் விழுங்கத் தொடங்கியது.

இதற்கு மூன்றாண்டு முன்பே மான்செஸ்டரில் டேனியல் டேவிஸ் குழு, மனித மேக்ரோஃபேஜ்களை மிகை நுண்பிரிப்பு நுண்ணோக்கியில் பார்த்து, இதோடு இணைத்துப் பார்க்கத்தக்க ஒன்றைப் பதிவு செய்திருந்தது. ஓய்வில் எஃப்சி-காமா-1 ஏற்பிகள் சிறுசிறு கொத்துகளாகவும், சிர்ப்-ஆல்ஃபாவும் அவ்வாறே கொத்துகளாகவும், இரண்டும் அக்கம்பக்கமாக நிற்கின்றன. தூண்டும் ஏற்பியின் பக்கத்திலேயே தடுக்கும் ஏற்பி காவலிருக்கிறது. ஆன்டிபாடி பூசிய கண்ணாடிப் பரப்பில் செல்லை இறக்கியதும் இரண்டும் பிரிகின்றன. எஃப்சி கொத்துகள் சீரான இடைவெளியில் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களாய் அணிவகுக்கின்றன. பரப்பில் சிடி47-உம் கலந்திருந்தால் இந்தப் பிரிவு நடப்பதில்லை. நுண்ணோக்கிப் படத்தில் அந்த வளையங்களைப் பார்க்கும் எவருக்கும் ‘குறி’ என்ற சொல்லின் போதாமை புரிந்துவிடும்.

2021இல் வேல் ஆய்வகத்திலிருந்து வந்த மற்றொரு கட்டுரை அளவைக் கணக்கில் சேர்த்தது. இலக்கில் உள்ள ஆன்டிபாடிக்கும் சிடி47-க்கும் இடையிலான விகிதம் மாறுவதற்கேற்ப விழுங்கும் அளவும் மாறுகிறது. ஆன்டிபாடி மிகுதியாக இருந்தால் சிடி47 இருந்தும் தடை உடைகிறது. குறைவாக இருந்தால் சிறிது சிடி47-உம் போதும்.

இனி மருந்துக்கு வரலாம். 2009இல் ஸ்டான்ஃபோர்டில் இர்விங் வைஸ்மன் குழுவினர் செல் இதழில் இரண்டு கட்டுரைகளில், மயலாய்டு வகை இரத்தப் புற்றுசெல்கள் சிடி47-ஐ மிகுதியாக ஏந்தியிருப்பதையும், அதை மறைக்கும் ஆன்டிபாடியைக் கொடுத்தால் எலிகளில் மேக்ரோஃபேஜ்கள் புற்றுசெல்களை விழுங்குவதையும் காட்டினார்கள். மறுஆண்டே கால்ரெட்டிகுலின் என்னும் புரதம் புற்றுசெல்லின் வெளியே தெரிவது விழுங்கத் தூண்டுகிறது என்றும், இயல்பான செல்கள் தப்புவதற்கு அது இல்லாமையே காரணம் என்றும் சொன்னார்கள். மேக்ரோலிமாப் என்ற மருந்து பிறந்தது. 2018இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில், ரிடக்சிமாபோடு சேர்த்து அதைப் பெற்ற 22 லிம்ஃபோமா நோயாளிகளில் பாதிப்பேருக்குப் பலன் கிடைத்ததாகவும், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலானோருக்கு நோய் அடையாளமே தெரியாமல் போனதாகவும் செய்தி வந்தது. 2020இல் கிலியட் நிறுவனம் 490 கோடி டாலருக்கு அந்த மருந்தின் உரிமையாளர் நிறுவனத்தையே வாங்கியது.

ஆனால் 2023 ஜூலையில், எலும்பு மஜ்ஜையில் இரத்தம் சரிவர ஊறாத மயலோடிஸ்பிளேசியா நோய்க்கான அதன் பெரிய சோதனை பலன் தராது என்று தெரிந்து நிறுத்தப்பட்டது. 2024 பிப்ரவரியில் கடும் மயலாய்டு இரத்தப் புற்றுக்கான சோதனையும் கைவிடப்பட்டது. மருந்து சேர்க்கப்பட்ட பிரிவில் இறப்பு அபாயம் கூடியிருந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த நோய்களில் மேக்ரோலிமாப் சோதனைகளுக்குத் தடை விதித்தது. அந்தச் சோதனைகளில் சேர்ந்தவர்கள் வேறு வழி குறைந்த நோயாளிகள் என்பதால், எங்கே பிசகியது என்று கேட்காமல் இருக்க முடியாது.

முதல் காரணம் எலியிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். மனிதப் புற்றுசெல்லை வளர்க்கப் பயன்படும் நோடு வம்ச எலியின் சிர்ப்-ஆல்ஃபாவில் ஒரு மரபு வேறுபாடு உண்டு. அது மனித சிடி47-ஐ மிக உறுதியாகப் பற்றும். மனிதச் செல்கள் அந்த எலியில் எளிதாக வேரூன்றுவதற்கே அதுதான் காரணம் என்று 2007இல் டொராண்டோவில் டான்ஸ்கா, டிக் குழுவினர் கண்டறிந்தார்கள். அப்படி உறுதியாகப் பிடிக்கும் தடையை விலக்கினால் விளைவும் மிகையாகத்தான் தெரியும். தவிர, மனித சிடி47-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடிக்கு அந்த எலியில் ஒட்ட இடம் புற்றுசெல் மட்டுமே. மனித உடலிலோ லட்சக்கணக்கான கோடி சிவப்பணுக்கள் வரிசையில் நிற்கின்றன. மருந்தின் பெரும்பகுதி அங்கேயே போய் ஒட்டியது. முதிய அணுக்கள் விழுங்கப்பட்டுச் சோகை வந்தது. முதலில் சிறு அளவு கொடுத்து முதிய அணுக்களைக் கழித்துவிட்டு, பிறகு முழு அளவு கொடுக்கும் முறையைக் கையாள வேண்டியிருந்தது. ஏற்கெனவே இரத்தம் ஊறாத நோயாளிக்கு அது சிறிய சுமை இல்லை.

இரண்டாவது காரணம் இந்தக் கட்டுரையின் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. மேக்ரோலிமாப் ஐஜிஜி-4 வகை. எஃப்சி ஏற்பிகளை அதிகம் தூண்டாதபடி வேண்டுமென்றே தேர்ந்த வடிவம். அது தடையை நீக்கும், தூண்டுதலைத் தராது. லிம்ஃபோமாவில் அந்தக் குறையை ரிடக்சிமாப் ஈடுசெய்தது. சவ்வை ஒட்டிய சிடி20-ஐப் பிடித்து, இரு சவ்வுகளையும் நெருக்கி, சிடி45-ஐ ஒதுக்கிவிட்டது. தடை நீங்கியபோது முடுக்கமும் தயாராக இருந்தது. மயலோடிஸ்பிளேசியாவில் கூடக் கொடுத்தது அசாசிடிடின் என்னும் மருந்து. அது கால்ரெட்டிகுலினைக் கூட்டும் என்று நம்பினார்கள். தொடுமிடத்தை நெருக்கிக் கட்டும் வேலையை அதனிடம் எதிர்பார்த்திருக்கக் கூடாது. சிர்ப்-ஆல்ஃபா வெளியேறினால் மட்டும் விழுங்குதல் நடந்துவிடாது.

சிடி47 ஒன்று மட்டுமே தடை என்பதும் இல்லை. 2018இல் எம்ஹெச்சி-1 புரதத்தை மேக்ரோஃபேஜின் லில்ஆர்பி-1 ஏற்பி பிடிப்பதும், 2019இல் சிடி24-ஐ சிக்லெக்-10 பிடிப்பதும் இதேபோல் விழுங்குதலை அடக்குவதாகத் தெரியவந்தன. இரண்டும் ஸ்டான்ஃபோர்ட் முடிவுகளே.

இதே இயந்திரத்தை எதிர்த்திசையில் திருப்பிப் பலன் கண்ட மருந்தும் உண்டு. நோய் எதிர்ப்பாற்றல் தடம் மாறி, தன் பிளேட்லெட்டுகளின் மேலேயே ஆன்டிபாடி படியும் நோயில், மண்ணீரல் மேக்ரோஃபேஜ்கள் அவற்றை விழுங்கித் தீர்க்கின்றன. சிறு காயத்துக்கும் இரத்தம் நிற்பதில்லை. ஐட்டாமில் வந்து ஒட்டும் சிக் நொதியை மடக்கும் ஃபாஸ்டமாடினிப் 2018இல் இந்நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எல்லோருக்கும் அது வேலை செய்வதில்லை. ஆனாலும் கட்டளை வரிசையில் சரியான கண்ணியைத் தொட்டால் விழுங்குதலை அடக்க முடியும் என்பதற்கு அது உயிருள்ள சான்று.

புற்றுநோய்ப் பக்கத்தில் எனக்கு நம்பிக்கை தருவது இருகை ஆன்டிபாடிகள். ஒரு கை சிவப்பணுவில் இல்லாத, புற்றுசெல்லில் உள்ள சிடி19 போன்ற புரதத்தை உறுதியாகப் பிடிக்கும். மறுகை சிடி47-ஐத் தளர்வாகத் தொடும். தனியாக அந்தக் கையை வைத்துக்கொண்டு சிவப்பணுவில் நிலைத்து ஒட்ட அதனால் முடியாது. இரண்டும் ஒரே செல்லில் கிடைத்தால்தான் பிடி இறுகும். எஃப்சி முனையும் வீரியமுள்ளதாக வைக்கப்படுவதால் தடையை நீக்குவதும் தூண்டுவதும் ஒரே தொடுமிடத்தில் நடக்கின்றன. இப்படியொரு மருந்தை நோயாளிக்குக் கொடுக்கும் முன், அவருடைய புற்றுசெல்லில் சிடி47 எத்தனை, ஆன்டிபாடி ஒட்டும் புரதம் எத்தனை, அது சவ்விலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற மூன்றையும் அளந்து பார்த்துச் சேர்க்கும் சோதனைகள் வேண்டும். முதல் இரண்டையும் பெரிய மருத்துவமனை ஆய்வகங்களில் உள்ள ஃப்ளோ சைட்டோமீட்டரிலேயே அளந்துவிடலாம். மூன்றாவது, புரதத்தின் அமைப்பிலிருந்தே தெரிந்துவிடும்.